நடை பயிலும் குழந்தையுடன் பாரிஸில் ஐந்து நாள்: புறப்படுமுன் பெற்றோர் அறிய வேண்டியவை

திருவொற்றியூரிலிருந்து எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வழக்கமாக வரும் ஒரு தாயார், தம் இருபத்திரண்டு மாத மகனைப் பாரிஸுக்கு அழைத்துச் செல்லலாமா என்று கேட்டார். அவருடைய அக்கா பல ஆண்டுகளாக அங்கு வசிக்கிறார். துறைமுகத்தில் பணிபுரியும் கணவருக்குக் கிடைத்த விடுப்போ எட்டு நாள்; பயணம் போக அங்கே தங்குவது ஐந்து நாள். இரண்டு மாதங்களுக்கு முன் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சலின்போது வலிப்பு வந்திருந்தது. வீட்டுப் பெரியவர்கள் அதனை ஜன்னி என்று சொல்லி, இரண்டு வயது முடியும்வரை வாசற்படி தாண்டக்கூடாது என்று தடுத்தார்கள். நாங்கள் போகலாம் என்றோம். வேண்டிய அறிவுரைகளையும் சொல்லி அனுப்பினோம். ஆயினும் ஒன்றைச் சொல்லத் தவறிவிட்டோம். இக்கட்டுரையை எழுத நேர்ந்ததே அதனால்தான்.

அத்தவறு என்ன என்பதைப் பின்னர்க் கூறுவோம். முதலில், புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம்.

பிறந்த குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். மாநகராட்சியின் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பெயரில்லாச் சான்றிதழுடன் இரண்டு ஆண்டுகளைக் கடத்திய குடும்பங்கள் எங்கள் பகுதியில் ஏராளம். பிரான்ஸ் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளுக்கான விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாள்களுக்கு முன்னரேனும் விண்ணப்பித்தாக வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு விசாக் கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரிடம் கைரேகை எடுப்பதில்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீடு பொருந்தாது என்ற நிபந்தனை பல பத்திரங்களில் சிறிய எழுத்தில் இருக்கும். வலிப்போ வீசிங்கோ வந்த குழந்தையாயின் அதனை மறைக்காமல் எழுதி, அதற்கும் பொருந்தும் காப்பீட்டையே வாங்குங்கள். விமானச் சீட்டைப் பொறுத்தவரை ஒரு செய்தி: இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் அமர்ந்து செல்லலாம், பயணத்தின் இடையே இரண்டாம் பிறந்தநாள் வந்துவிட்டால் திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை எடுக்க வேண்டும்.

தடுப்பூசிகளில் நாங்கள் முதலில் கேட்பது தட்டம்மை ஊசியைத்தான். மேலை நாடுகளில் அந்நோய் ஒழிந்துவிட்டது என்று எண்ணுவோர் உண்டு. அது உண்மையன்று, ஐரோப்பாவில் தட்டம்மை மீண்டும் மீண்டும் பரவி வருகிறது. நம் அரசின் அட்டவணைப்படி ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் முதல் தவணையும், பதினாறு முதல் இருபத்துநான்கு மாதத்துக்குள் இரண்டாம் தவணையும் போடப்படுகின்றன. இரண்டாம் தவணை நிலுவையில் இருந்தால், புறப்படுவதற்கு இரண்டு வாரமேனும் முன்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதம் முடிந்து ஒன்பது மாதம் ஆகாத குழந்தையை அழைத்துச் செல்வோர் எங்களிடம் தனியே பேசுங்கள். பயணத்துக்கென ஒரு முன்தவணை தருவதுண்டு, ஆனால் அது வழக்கமான தவணைகளின் கணக்கில் சேராது.

பெட்டி கட்டும்போது நம் வீடுகளில் நடப்பது எங்களுக்குத் தெரியும். இறைச்சி, பால், அவற்றால் ஆன பொருள்கள் ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுசெல்ல அனுமதியில்லை. ஆகவே நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். குழந்தைக்கான பால்மாவும் குழந்தை உணவும் விலக்குப் பெற்றவை. நிறுவனத்தின் பொதி பிரிக்கப்படாமல், குளிர்பதனம் வேண்டாததாக இருந்தால் இரண்டு கிலோ வரை கொண்டுபோகலாம். கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் அது வேண்டியதில்லை. காசிமேட்டுக் கருவாட்டுக்குத் தடையில்லை என்பதறிந்து அந்தத் தாயாரின் மாமியார் பெரிதும் மகிழ்ந்தார். விமானத்தில் அடுத்த இருக்கையில் அமர்பவரின் கருத்தை நாங்கள் கேட்கவில்லை.

கைப்பையில் திரவம் 100 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது என்ற விதி, பயணத்துக்கு வேண்டிய குழந்தை உணவுக்கும் மருந்துக்கும் பொருந்தாது. சோதனையாளர் கேட்டால் எடுத்துக் காட்டினால் போதும். மருந்துகள் அனைத்தும் கைப்பையில், அவற்றின் அசல் அட்டைப் பெட்டியுடன், மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துடன் இருக்க வேண்டும். அக்கடிதத்தில் வணிகப் பெயரை மட்டும் எழுதினால் பாரிஸ் மருந்துக் கடைக்காரருக்கு விளங்காது. மூலப்பெயரும், குழந்தையின் எடையும், அளவு மில்லிகிராமிலும் இருக்க வேண்டும்.

எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் பகுதிகளிலிருந்து எங்களிடம் வரும் குழந்தைகளுள் இன்ஹேலர் பயன்படுத்துவோர் பலர். குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழலைச் சுருக்கும். ஊர் மாறுகிறது, புகை இல்லை, இனி மருந்து எதற்கு என்று தடுப்பு இன்ஹேலரை நிறுத்திவிட்டுப் புறப்படுவோரை ஆண்டுதோறும் காண்கிறோம். நிறுத்தாதீர்கள். ஸ்பேசரையும் முகக்கவசத்தையும் பெரிய பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் இன்ஹேலர் மட்டும் கையில் இருந்து பயனில்லை.

விமானத்தில் குழந்தையைத் தூங்கவைக்க மருந்து எழுதித் தருமாறு பலர் கேட்கிறார்கள். நாங்கள் தருவதில்லை. சளிக்குத் தரும் குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கலவை மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பெட்டியிலேயே அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. அதையே தூக்கத்துக்கென்று கொடுப்பது தவறு. சில குழந்தைகளை அது தூங்க வைக்காமல் மேலும் முரண்டு பிடிக்கவும் வைக்கும். விமானம் இறங்கும்போது தாய்ப்பாலோ, தண்ணீரோ, மெல்லுவதற்கு ஏதேனுமோ கொடுங்கள். விழுங்கும்போது காதடைப்பு விலகும்.

அடுத்தது நேரம். கோடையில் பாரிஸ் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியது; அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை நான்கரை மணி நேரம். சென்னையில் இரவு ஒன்பதுக்கு உறங்கிக் காலை ஆறரைக்கு எழும் குழந்தை, அங்கே கோடையில் மாலை ஐந்தரைக்குக் கண் செருகி, விடியற்காலை மூன்றுக்கு விளையாட எழும். இதனை முற்றிலும் மாற்ற முயல்வோர் ஐந்து நாளையும் அதிலேயே இழக்கிறார்கள். ஒருவழியாகப் பழகி முடிக்கும்போது திரும்பும் நாள் வந்துவிடும். நாங்கள் சொல்வது பாதி மாற்றம்: இரவு ஏழு, ஏழரைக்கு உறக்கம், காலை ஐந்துக்கு விழிப்பு. இப்படி வைத்துக்கொண்டால் வெளியே செல்லும் வேலை காலை எட்டுக்குத் தொடங்கி நண்பகலில் முடிய வேண்டும். இரவு விருந்துகளை மறந்துவிடுங்கள். மே, ஜூன் மாதங்களில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால், சன்னலை மறைக்கக் கருந்துணி ஒன்றும், நான்கு துணிக் கிளிப்புகளும் எடுத்துச் செல்லுங்கள்.

ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். 330 மீட்டர் உயர ஈபிள் கோபுரம் குழந்தைக்கு ஒரு பொருட்டன்று; மின்தூக்கிக்குள் தள்ளுவண்டியை மடித்து, குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும் என்பது மட்டும் உங்களுக்கு நினைவிருக்கும். பாரிஸ் மெட்ரோவின் பழைய நிலையங்கள் பெரும்பாலும் படிக்கட்டுகளே. 1998இல் திறக்கப்பட்ட 14ஆம் வழித்தடத்தில் மின்தூக்கிகள் உண்டு. மற்ற இடங்களுக்குப் பேருந்தே நல்லது; தள்ளுவண்டியை மடிக்காமல் ஏற்றலாம். நான்கு வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. 1794இல் தொடங்கிய விலங்குக்காட்சிச் சாலையைக் கொண்ட தாவரவியல் தோட்டமும், லுக்சம்பூர் பூங்காவும் இவ்வயதுக்கு ஏற்றவை. குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது. 1872 முதல் தெருக்களில் நிற்கும் வாலஸ் நீரூற்றுகளில், உறைபனிக் காலம் தவிர, புட்டியை நிரப்பிக்கொள்ளலாம்.

சோற்றுக்குக் கவலை வேண்டாம். வடக்கு இரயில் நிலையத்தை அடுத்த லா ஷப்பேல் பகுதியில் ஈழத் தமிழரின் கடைகள் வரிசையாக உள்ளன. இட்லியும் தயிரும் கறிவேப்பிலையும் அங்கே கிடைக்கும். 1985இல் நிறுவப்பட்ட மாணிக்க விநாயகர் கோயிலும் அருகில்தான். லா ஷப்பேல் நிலையத்தில் மெட்ரோ தரைக்கு மேலே பாலத்தில் ஓடுகிறது. 1856இல் தொடங்கிய இரயில் நிலையத்தைக் கொண்ட இராயபுரத்தின் பக்கத்தில் வளரும் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? அந்தக் குழந்தை கோயில் வாசலைவிட அந்தப் பாலத்தடியில்தான் அதிக நேரம் நின்றானாம்.

இப்போது எங்கள் தவறுக்கு வருவோம். மூன்றாம் நாள் இரவு, நம் நேரப்படி பன்னிரண்டரைக்கு, எங்கள் பிரிவுக்கு அந்தத் தாயார் அழைத்தார். குழந்தைக்குக் காய்ச்சல். கொண்டுபோன மருந்துப் புட்டி வரும் வழியில் உடைந்துவிட்டது. பெரியம்மா அங்குள்ள மருந்துக் கடையில் பாரசிட்டமால் வாங்கி வந்திருக்கிறார். "டாக்டர், இந்தச் சிரிஞ்சில் மில்லியே போடவில்லையே, வெறும் எண்களாக இருக்கின்றன" என்றார். பிரான்சில் குழந்தைகளுக்கான பாரசிட்டமால் திரவத்துடன் வரும் சிரிஞ்சில் கோடுகள் குழந்தையின் எடையைக் குறிப்பவை. 11 என்றால் பதினொரு கிலோ. அந்தக் கோடு வரை நிரப்பினால் ஒரு வேளைக்கான அளவு. அவரோ அதனை மில்லி என்று கொள்ளவிருந்தார். நாங்கள் எழுதித் தந்திருந்த அளவு 3.3 மில்லி, ஆகவே 3 என்ற கோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

இதன் கணக்கைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம். பதினொரு கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 165. நம் ஊரில் 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் இது 3.3 மில்லி. அதே மருந்து 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதாகவும் விற்கிறது. அதில் ஏறத்தாழ 7 மில்லி. ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தில் 1.65 மில்லி மட்டுமே. பிரெஞ்சுத் திரவத்தின் செறிவு நமது 120க்குச் சமம். அங்கே 7 மில்லி கொடுத்த பழக்கத்தில், திரும்பி வந்து 250 சிரப்பில் 7 மில்லி கொடுத்தால் இருமடங்காகிவிடும். சொட்டு மருந்தாயின் நான்கு மடங்குக்கு மேல், கல்லீரலுக்கே ஆபத்து. எனவே ஒரு மருந்தின் சிரிஞ்சை மற்றொரு மருந்துக்குப் பயன்படுத்தவே கூடாது. கடிதத்தில் மில்லியை மட்டும் எழுதி, மில்லிகிராமை எழுதாமல் விட்டது நாங்கள். இப்போது இரண்டையும் எழுதுகிறோம். எழுதாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

காய்ச்சல் வலிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வரக்கூடும். ஒருமுறை வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மீண்டும் வரும். பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும் சாதாரணக் காய்ச்சல் வலிப்பு மூளையைக் கெடுப்பதில்லை. காய்ச்சல் மருந்தைக் கடிகாரம் பார்த்து இரவெல்லாம் கொடுத்தாலும் வலிப்பைத் தடுக்க முடிவதில்லை. அம்மருந்து குழந்தையின் உடல் அசதி தணிவதற்கே. வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்தைச் சுற்றிய ஆடையைத் தளர்த்தி, மணியைப் பாருங்கள். வாயில் கரண்டியோ விரலோ தண்ணீரோ வேண்டாம். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயன் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் அதைத் தேடி ஓடும் ஆள் குழந்தையின் பக்கத்தில் இருக்கலாம். ஐந்து நிமிடம் கடந்தாலோ, நின்று மறுபடி வந்தாலோ, நின்ற பின்னும் விழிப்பு வராவிட்டாலோ ஐரோப்பா எங்கும் 112. பிரான்சின் மருத்துவ அவசர எண் 15. மூக்கில் தெளிக்கும் மிடாசோலம் உங்கள் குழந்தைக்கு எழுதப்பட்டிருந்தால், மருந்துச் சீட்டுடன் அதனையும் கைப்பையில் வையுங்கள்.

பாரிஸின் வடகிழக்கில் ரொபேர் தெப்ரே குழந்தைகள் மருத்துவமனையும், தெற்குப் பக்கம் நெக்கர் மருத்துவமனையும் உள்ளன. 1816இல் லேன்னெக் முதல் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கியது நெக்கரில்தான்; எங்கள் கழுத்தில் தொங்குவதன் மூதாதை அங்கே பிறந்தது. தங்கும் வீட்டிலிருந்து அருகில் உள்ள மருத்துவமனையின் முகவரியை முதல் நாளே காகிதத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். அந்த வீட்டின் முகவரியும் அதே காகிதத்தில் இருக்கட்டும். ஆம்புலன்சை அழைக்கும் நேரத்தில் தாம் இருக்கும் தெருவின் பெயரே நினைவுக்கு வராமல் தவிப்போர் உண்டு.

அன்றிரவு அந்தக் குழந்தைக்கு வலிப்பு வரவில்லை. மறுநாள் காய்ச்சல் குறைந்தது. ஐந்தாம் நாள் மீண்டும் பாலத்தடிக்குப் போயிருக்கிறார்கள்.

திரும்பியபின், இரண்டு மூன்று வாரத்துக்குள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், எங்கே சென்று வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். காய்ச்சலுடன் உடலில் சிவந்த தடிப்பும் கண் சிவப்பும் இருந்தால் நேரே புறநோயாளிகள் கூடத்துக்கு வந்து அமராதீர்கள். முதலில் தொலைபேசியில் அழையுங்கள். பக்கவாயிலில் ஒரு செவிலியர் வந்து உங்களைத் தனியறைக்கு அழைத்துச் செல்வார். அக்கூடத்தில் தடுப்பூசி வயது வராத கைக்குழந்தைகளும் அமர்ந்திருக்கிறார்கள்.