பழைய சீட்டைத் தேடி எடு, அம்மணி

அன்புள்ள அம்மணிக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டது ஒரே கேள்விதான்: “அத்தை, இந்தத் தடவை நார்மல் ஆகுமா?” பின்னால் டிவி சத்தம், மூத்தவன் அழுகை, உன் மாமியார் யாரிடமோ பேசும் குரல். அந்த இரைச்சலில் பதில் சொல்ல மனசு வரவில்லை. 31 வருஷம் பிரசவ வார்டில் நின்றவள் நான். ஆகும், ஆகாது என்று ஒரு வார்த்தையில் முடிக்கிற கேள்வி இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி. மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

ஒரு தடவை வயிற்றைக் கிழித்தால் அடுத்ததும் கிழிப்புதான் என்று உன் மாமியார் சொன்னாராமே. அவர் மேல் கோபப்படாதே. 1916-ல் நியூயார்க்கில் எட்வின் கிரேகின் என்ற டாக்டர் இதையேதான் சக டாக்டர்களிடம் சொன்னார். அவர் காலத்தில் கர்ப்பப்பையின் தடித்த மேல்பகுதியில், மேலிருந்து கீழாக வெட்டுவார்கள். பிரசவ வலியில் இறுகிச் சுருங்குகிற இடமே அதுதான். அங்கே போட்ட தையல் அடுத்த வலியைத் தாங்கும் என்று நம்ப முடியாது. கிரேகினின் கவலையும் வேறு. முதல் ஆபரேஷனை யோசிக்காமல் செய்யாதீர்கள், அது அந்தப் பெண்ணின் அடுத்தடுத்த பிரசவங்களையும் கட்டிப்போட்டுவிடும் என்று எச்சரிக்கத்தான் அதைச் சொன்னார். அந்த எச்சரிக்கையை மறந்துவிட்டு, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ஊரெல்லாம் சட்டமாக்கிக்கொண்டது.

பிறகு 1920-களில் கிளாஸ்கோ நகரத்து மன்றோ கெர், கர்ப்பப்பையின் அடிப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறையை விடாமல் எடுத்துச் சொன்னார். அடிப்பகுதி மெல்லியது, வலியில் அவ்வளவாகச் சுருங்காது, ஆறிய தழும்பும் நன்றாகத் தாங்கும். இன்று பெரும்பாலான சிசேரியன் அப்படித்தான் நடக்கிறது. ஆகவே உன் கேள்விக்கு முன்னால் நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மூன்று வருஷம் முன்பு உன் கர்ப்பப்பையை எப்படி வெட்டினார்கள்?

வயிற்றைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பாய். தெரியாது கண்ணு. வெளியே தோலில் குறுக்குக் கோடு இருக்கும், உள்ளே கர்ப்பப்பையில் நெடுக்கு வெட்டு இருக்கலாம். இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பல வருஷத்துக்கு முன் மலைக்கிராமத்திலிருந்து ஒரு பெண் இரண்டாவது பிரசவத்துக்கு வந்தாள், நல்ல வலியோடு. முதல் ஆபரேஷன் எங்கோ வெளியூரில் நடந்திருந்தது. கையில் ஒரு காகிதம் இல்லை. குறுக்குத் தழும்பைப் பார்த்தோம், சரி என்று விட்டோம். முதல் குழந்தை குறைமாதத்தில் குறுக்கே கிடந்தது என்பதும், அதை எடுக்க உள்ளே நெடுக்காக வெட்டியிருந்தார்கள் என்பதும் வயிற்றைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பழைய தழும்பு விட்டுப்போயிருந்தது. அவளைக் காப்பாற்றினோம், கர்ப்பப்பையை எடுத்து. குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. முதலில் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரி ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் போதும். நானும் அவள் அம்மாவிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். அந்த அம்மா வராண்டாவில் உட்கார்ந்திருந்த கோலம் இன்றைக்கும் கண்ணை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் டிஸ்சார்ஜ் சம்மரி என்கிற அந்தச் சீட்டு தாலிக்கொடி மாதிரி பத்திரமாக இருக்க வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 ஆபரேஷன்தான். தனியார் ஆஸ்பத்திரியில் மட்டும் பார்த்தால் 64. உன்னைப் போல இந்தக் கேள்வியோடு நிற்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள்.

சரி, உள்ளே குறுக்கு வெட்டுதான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது, ஏன் வெட்டினார்கள்? உனக்குக் குழந்தை தலை கீழே வராமல் உட்கார்ந்த வாக்கில் இருந்தது. அது அந்தக் குழந்தை இருந்த நிலை. இந்தக் குழந்தையும் அப்படியே உட்காரும் என்று இல்லை. வலி வந்து, கர்ப்பப்பை வாய் திறந்து, முழு நாளும் தவித்துக் கடைசியில் தலை இறங்காமல் ஆபரேஷன் ஆனவளைவிட உனக்கு வாய்ப்பு கூடுதல். ஒரு சிசேரியனுக்குப் பிறகு முயற்சி செய்கிற 100 பேரில் 72 முதல் 75 பேருக்கு நார்மலாகவே பிறக்கிறது. முன்னால் ஒரு தடவையாவது நார்மலாகப் பெற்றிருந்தால் அது 85, 90 வரை போகும். மூத்தவன் பிறந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது, அதுவும் நல்லது. ஒன்றரை வருஷத்துக்குள் அடுத்த பிரசவம் என்றால் தழும்பு விடும் ஆபத்து ஏறும்.

“தையல் பிரிஞ்சிடும்” என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு நீ இரண்டு நாள் தூங்கவில்லை என்றாய். பிரியவே பிரியாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். தானாக வலி வந்து முயற்சி செய்கிறவர்களில் சுமார் 200 பேருக்கு ஒருத்திக்குத் தழும்பு விடுகிறது. வலி வருவதற்கு முன்பே நாள் குறித்து ஆபரேஷன் செய்துகொண்டால் அது 10,000-க்கு 2 பேர் அளவுக்குக் குறைந்துவிடும். வித்தியாசம் பெரியதுதான். ஆனால் குழந்தையின் உயிர் பக்கமிருந்து பார். உன் நிலையில் முயற்சி செய்கிறவளின் குழந்தைக்குப் பிரசவத்தில் உள்ள உயிராபத்து, தலைப்பிரசவத்துக்கு வலியெடுத்துப் படுத்திருக்கும் பெண்ணின் குழந்தைக்கு உள்ளதற்கு ஏறக்குறைய சமம். அந்தப் பெண்ணை யாரும் பயமுறுத்துவதில்லை.

ஆபரேஷனுக்கும் ஒரு விலை உண்டு. அது உடனே கேட்காது, அடுத்த கர்ப்பத்தில் வந்து கேட்கும். தழும்பு உள்ள இடத்தில் நஞ்சுக்கொடி வந்து உட்கார்ந்தால் மரத்து வேர் சுவரில் இறங்குகிற மாதிரி சதைக்குள் இறங்கிவிடும். பிரித்தெடுக்க முடியாது, ரத்தம் கொட்டும், கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவரும். நஞ்சு கீழே இறங்கி வழியை மறைத்திருக்கும் பெண்களில், இரண்டாவது சிசேரியனின்போது 100-ல் 11 பேருக்கு இப்படி ஆகிறது. மூன்றாவதின்போது 40 பேருக்கு. நஞ்சு அப்படி அமைவதே அபூர்வம்தான், ஆனால் ஒவ்வொரு சிசேரியனுக்கும் அந்த வாய்ப்பும் கொஞ்சம் ஏறுகிறது. இத்தோடு போதும், குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்கிறேன் என்கிறவளுக்கு இது பெரிய கவலை இல்லை. உனக்கு மூன்றாவதும் வேண்டும் என்று கல்யாணமான புதிதிலேயே சொன்னவள் நீ. ஆகவே இதை நீ தள்ளி வைக்கக் கூடாது.

என் மனசில் இருப்பதைக் கேட்டால், சீட்டில் குறுக்கு வெட்டு என்று இருந்து, கடைசி ஸ்கேனில் தலை கீழே இருந்து, நஞ்சு மேலே இருந்தால், நீ முயற்சி செய்யலாம் என்பேன். ஆனால் எந்த ஆஸ்பத்திரியில் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கும் ஆபரேஷன் தியேட்டர் திறக்க வேண்டும், மயக்க மருந்து டாக்டர் அங்கேயே இருக்க வேண்டும், உன் குரூப் ரத்தம் கைவசம் இருக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் சீமாங் மையம் என்பார்களே, அது இதற்காகத்தான். கட்டடம் பளபளப்பாக இருப்பதில் ஒன்றும் இல்லை. டாக்டரிடம் நேராகக் கேள்: “அவசரம்னா எத்தனை நிமிஷத்துல எடுப்பீங்க?” பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறு இடம் பார். தாளவாடியில் இருக்கும் ஒருத்திக்கு இந்தக் கடிதத்தையே நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவையும் வலியோடு இறங்காதே, தேதிக்கு முன்பே கீழே வந்து தங்கு, முடியாவிட்டால் நாள் குறித்து ஆபரேஷன் செய்துகொள் என்று.

தேதி தாண்டியும் வலி வராவிட்டால் அவசரப்பட்டு ‘வலி ஊசி’க்குத் தலையாட்டிவிடாதே. வலியை வரவழைத்தால் தழும்பு விடும் ஆபத்து இரண்டு மூன்று மடங்காகும். மிசோப்ரோஸ்டால் மாத்திரை பழைய தழும்பு உள்ளவளுக்குப் பிரசவ வலி வரவைக்க ஆகவே ஆகாது. டாக்டருக்குத் தெரியும், இருந்தாலும் நீயும் தெரிந்து வைத்துக்கொள். வலி தொடங்கினால் வீட்டில் பொறுத்துப் பார்க்காமல் உடனே கிளம்பு. அங்கே குழந்தையின் துடிப்பை விடாமல் பார்க்கிற மெஷினை மாட்டுவார்கள். பெல்ட் இறுக்குகிறது என்று கழற்றச் சொல்லாதே. தழும்பு விடத் தொடங்கினால் பெரும்பாலும் அந்தத் துடிப்பில்தான் முதலில் தெரியும். வலிக்கும் வலிக்கும் நடுவிலும் அடிவயிறு விடாமல் வலித்தாலோ, ரத்தம் போனாலோ, வந்துகொண்டிருந்த வலி சட்டென்று நின்றாலோ சிஸ்டரைக் கூப்பிடு. கூச்சப்படாதே.

ஆபரேஷன்தான் என்று நீ முடிவு செய்தால், அதுவும் சரியான முடிவே. ஒன்றே ஒன்று: நல்ல நட்சத்திரம் பார்க்கிறேன் என்று அண்ணன் பஞ்சாங்கத்தை எடுப்பார். 39 வாரம் நிறைவதற்கு முந்தின தேதி எதையும் ஒத்துக்கொள்ளாதே. முன்கூட்டி எடுத்த குழந்தை மூச்சுக்குத் திணறிக் கண்ணாடிப் பெட்டியில் கிடப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 39-க்குப் பிறகு எந்த நட்சத்திரமானாலும் எனக்குச் சம்மதம்.

முயற்சி செய்து பாதியில் ஆபரேஷனுக்கு மாறவும் நேரலாம். கால்வாசிப் பேருக்கு அப்படி ஆகும், அதில் காய்ச்சல், ரத்தப்போக்கு எல்லாம் கொஞ்சம் கூடும். இதையும் இப்போதே மனசில் வைத்துக்கொள். நாம் ஒன்றை மட்டும் சுகப்பிரசவம் என்று பெயர் வைத்துவிட்டோம். அந்தச் சொல்லால் எத்தனை பேர் தையல் போட்ட வயிற்றோடு, தான் ஏதோ குறைவாகப் பெற்றதுபோல முகம் திருப்பி அழுதிருக்கிறார்கள் தெரியுமா? மூத்தவனைப் பெற்ற அன்று நீயும் அப்படித்தான் அழுதாய். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது.

உன் டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் பிலிமோடு சேர்த்து நம் வீட்டுப் பீரோ மேல் மஞ்சப்பையில் இருக்க வேண்டும். அண்ணிக்கு நானே போன் செய்து எடுத்து வைக்கச் சொல்கிறேன். அதில் வெட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றால் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் நோட்ஸின் நகல் எழுதிக் கேட்டு வாங்கலாம்; மாப்பிள்ளை ஒரு நாள் லீவு போட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நான் வருகிறேன். சீட்டை இருவருமாக உட்கார்ந்து படிப்போம்.

அன்புடன்,
அத்தை