கபடியிலிருந்து ரக்பிக்கு

கேள்வி: எங்கள் மகள் கபடி ஆடுகிறாள், இப்போது ரக்பி ஆட ஆசைப்படுகிறாள். சர்வதேசப் போட்டிக்கு என்னென்ன பயிற்சி வேண்டும்?
– ஒரு வாசகி, மல்லாபூர், ஹைதராபாத்

பதில்: தாராளமாக ஆடட்டும். ஆசிய விளையாட்டில் இருப்பது செவன்ஸ் ரக்பி. அணிக்கு 7 பேர், பாதிக்கு 7 நிமிடம். மைதானமோ முழு அளவு, 100 மீட்டர் நீளம். அதனால் பயிற்சியில் பாதி ஓட்டம்தான்: முழு வேகத்தில் ஓடி, விழுந்து, உடனே எழுந்து மறுபடி ஓட வேண்டும். மூச்சு வாங்கும்போதும் பந்தைப் பின்னோக்கி, இரு கைப்பக்கமும் பிசகாமல் வீசப் பழக வேண்டும்.

எதிராளியை மடக்கும் துணிச்சல் கபடியில் வந்திருக்கும். ஆனால் ரக்பியில் தோளுக்குக் கீழேதான் பிடிக்கலாம்; கைகளால் அணைத்தே வீழ்த்த வேண்டும். தலையை எந்தப் பக்கம் வைப்பது என்பதைப் பயிற்சியாளரிடம் நேரில் கற்காமல் மோதவே கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன்.

2019 ஜூனில் பிலிப்பைன்ஸில் நம் பெண்கள் சிங்கப்பூரை 21-19 என வென்றார்கள். அணிக்கு 15 பேர் ஆடும் ரக்பியில் அதுவே அவர்களின் முதல் சர்வதேச வெற்றி. கடைசி நிமிடங்களில் பெனால்டி உதைத்துக் காப்பாற்றியவர் ஒடிசாவின் சுமித்ரா நாயக். அந்த ஆட்டத்தை மகளோடு தேடிப் பாருங்கள்.