சேலத்தில் ஹாலிவுட்

கேள்வி: அமெரிக்கப் படங்களை லண்டன் பக்கம் போய் எடுக்கிறார்களே, ஏன்? அவர்கள் ஊரில் ஸ்டூடியோவுக்கா பஞ்சம்?
- வாசகர், பென்னாகரம்

பதில்: பஞ்சமில்லை, செலவுதான் கூடுதல். பிரிட்டனில் செய்யும் தகுதியான செலவில் ஏறக்குறைய கால் பங்கை அந்த அரசு வரிச்சலுகையாகத் திருப்பித் தருகிறது. அந்தக் காலத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. 1948 ஒப்பந்தப்படி, அங்கே வசூலான பணத்தில் ஒரு பகுதியை அமெரிக்கக் கம்பெனிகள் வெளியே கொண்டுபோக முடியாமல் இருந்தது. முடங்கிய பணத்தை அங்கேயே படமெடுத்துத்தான் தீர்த்தார்கள். தேர்ந்த தொழிலாளர்கள், ஆங்கிலம் பேசும் நடிகர்கள், பைன்வுட், எல்ஸ்ட்ரீ போன்ற பெரிய தளங்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ எல்ஸ்ட்ரீயில் எடுத்ததுதான்.

இதற்கு லண்டன்வரை போவானேன்? உங்கள் தருமபுரி சேலம் மாவட்டத்தோடு இருந்த காலத்திலேயே, ஏற்காடு சாலையில் டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இதைச் செய்துகாட்டியது. முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ (1938) அவர்கள் தயாரிப்பு. 1952இல் அமெரிக்க லிப்பர்ட் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து ‘தி ஜங்கிள்’ எடுத்தார்கள். தமிழில் அதுவே ‘காடு’. ராட் காமரான், சீசர் ரோமெரோ நடித்தார்கள். கதைக்கு ஆதிகாலச் சடை யானையான மாமத் தேவை. நம்மூர் யானைகளுக்குச் சடைமுடியைப் போர்த்தி நடக்கவிட்டார்கள்! படம் சுமார்தான். ஆனால் லிப்பர்ட் சிக்கனத்துக்குப் பேர்போன கம்பெனி. தளம், ஆட்கள், காடு, யானை எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தால் விடுவார்களா?

அந்த ஸ்டூடியோவில் இன்று மிஞ்சியிருப்பது முகப்பு வளைவு மட்டுமே.