பிரம்பு இருக்கை: இல்லத்தில் பயிலத்தக்க கைத்தொழில்

முன்னுரை

மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கல்பாக்கத்தை அடுத்து அமைந்தது சதுரங்கப்பட்டினம். ஐரோப்பியர் நாவில் ‘சட்ராஸ்’ எனத் திரிந்த இவ்வூரில் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் வாணிகத்தலம் அமைத்தனர். மசுலின் துணி அவர்தம் முதன்மைச் சரக்கு. 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை இன்று சிதைந்து நிற்கின்றது. அவ்வணிகர் காலத்தில் இக்கரையோரம் பரவிய இல்லப் பொருள்களுள் ஒன்று பிரம்பு நாற்காலி. அதன் இருக்கை கிழிந்தால் இல்லத்திலேயே புதுப்பிக்கும் முறையை ஈண்டுக் காண்போம்.

வரலாறு

சோழமண்டலக் கரையில் 17ஆம் நூற்றாண்டில் கருங்காலி மரத்தில் நுண்ணிய செதுக்கு வேலையுடன் நாற்காலிகள் செய்யப்பட்டன. அவற்றின் இருக்கை பிரம்பால் ஆனது. கீழை நாட்டுப் பிரம்பு கப்பலேறி, 1660க்குப் பின் இலண்டனிலும் பரவியது. துணியும் திணிப்பும் கொண்ட இருக்கைகளால் பிழைத்தோர் இதனை எதிர்த்தனர். பிரம்பு நாற்காலி செய்வோரோ, தம் பொருள் இலேசானது, நெடுநாள் உழைப்பது, தூசியும் அந்துப்பூச்சியும் அண்டாதது என வாதிட்டனர்.

அவ்வாதம் நம் கடற்கரைக்கு இன்னும் பொருந்தும். உப்புக்காற்றில் மெத்தை இருக்கையின் ஆணியும் சுருள்வில்லும் துருவேறுகின்றன. ஈரமும் வெப்பமும் பட்டு, நுரைமெத்தை நாளடைவில் உதிர்கின்றது. பிரம்புப் பின்னலுக்கோ ஆணியே வேண்டுவதில்லை.

செய்முறை

பழைய பின்னலே முதல் ஆசான். அதனை அறுத்தெறியுமுன் துளைகளை எண்ணி, இழைகள் செல்லும் திசையைத் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். பின்னர்த் துளைகளில் அடைபட்ட துண்டுகளை மழுங்கிய ஆணியால் தட்டி நீக்குக. சட்டம் ஆடுமாயின் முதலில் மூட்டுகளைப் பசையிட்டு இறுக்குக.

பிரம்பின் மேல்தோலைச் சீவி எடுத்த பட்டைகளே பின்னலுக்கு உரியன. அவற்றை ஏறத்தாழ அரைமணி நேரம் நீரில் ஊறவைத்தால் ஒடியாமல் வளையும். வழவழப்பான பக்கம் மேலே இருத்தல் வேண்டும்.

பின்னல் ஆறு படிகளில் அமையும். முதலில் பின்சட்டத்தின் நடுத்துளையிலிருந்து முன்சட்டத்தின் நடுத்துளைக்கு இழையை இட்டு, இருபுறமும் விரிந்து செல்க. இரண்டாவதாக, அதன்மேல் குறுக்கிழைகளைப் பரப்புக. மூன்றாவதாக, அவற்றின்மேல் மீண்டும் நெடுக்கிழைகளை இடுக. நான்காவது குறுக்கிழை, மேலே உள்ள நெடுக்கிழைக்கு மேலும் கீழே உள்ளதற்குக் கீழுமாக நுழைந்து அனைத்தையும் பிணைக்கும். இறுதி இரண்டும் மூலைவிட்ட இழைகள்: ஒன்று நெடுக்கிழைகளின் கீழும் குறுக்கிழைகளின் மேலும் செல்லும், மற்றது இதற்கு மாறாகச் செல்லும். அப்போது எண்கோணக் கண்கள் தோன்றும்.

தொடக்கத்திலேயே இழைகளை மிக இறுக்குதல் கூடாது. பின்வரும் இழைகள் நுழைய இடம் வேண்டும். ஈரம் உலர்கையில் பட்டை தானே இறுகும். முன்புறம் அகன்ற இருக்கையாயின், ஓரத்து நெடுக்கிழைகளைப் பக்கச் சட்டத்தின் துளைகளில் முடித்து, நடு இழைக்கு இணையாக நிறுத்துக. நுனிகளை அடிப்புறத்தில் முடிந்து, ஒருநாள் உலர்ந்தபின் அமரலாம்.

கற்பதன் பயன்

பத்தமடையில் இசுலாமியப் பெண்டிர் இல்லத்திலிருந்தே கோரைப்பாய் நெய்து அவ்வூருக்குப் பெருமை சேர்த்தனர். பார்வையற்றோர் பயிற்சிப் பள்ளிகளில் நாற்காலி பின்னுதல் நெடுங்காலம் தொழிற்கல்வியாக விளங்கியது. இழையின் மேல்கீழை விரல் நுனியே அறிந்துவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? கற்க விழைவோர்க்குக் கூரிய கண்ணினும் பொறுமையே முதற்கருவி.

முடிவுரை

இருக்கை தேயும் பொருள். சட்டமோ தலைமுறை கடந்தும் நிற்கும் பொருள். தேய்ந்ததை மாற்றத் தெரியாமையால், நிற்பதையும் சேர்த்துப் பழம்பொருள் கடைக்கு அனுப்புகின்றோம். பாட்டனார் அமர்ந்த தேக்கு நாற்காலி எடைக்கு விலையாகின்றது. மாணவச் செல்வங்கள் வரும் விடுமுறையில் இல்லத்து மூலையில் கிடக்கும் நாற்காலி ஒன்றை எடுத்துப் பழகட்டும். பின்னலறிந்த பெரியோர் அருகிருந்து காட்டட்டும். அறிந்தோர் கைகள் இன்று அருகி வருகின்றன. அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கற்றுக்கொள்வது நம் கடமையாகும்.