தொடர் இணைப்பும் சமாந்தர இணைப்பும்

பாடம்: விஞ்ஞானம் – மின்னியல்

மாணவர்களே, பலர் புள்ளி இழப்பது கணக்குத் தெரியாமல் அல்ல. முதலாவது தடையியைக் கடந்ததும் மின்னோட்டம் குறைந்துவிடும் என நினைப்பதால்தான். சைக்கிள் செயினை நினைத்துப் பாருங்கள். சில்லு சுழல்வதால் செயினின் கண்ணிகள் தீர்ந்துபோவதில்லை. சக்தி மட்டுமே கடத்தப்படுகிறது. மின்சுற்றிலும் அவ்வாறே ஏற்றங்கள் செலவழிவதில்லை.

நினைவிற் கொள்க
• மின்னோட்டம்: ஒரு செக்கனில் பாயும் ஏற்றத்தின் அளவு. அலகு அம்பியர். அம்பியர்மானியைத் தொடராக இணைக்க வேண்டும்.
• அழுத்த வித்தியாசத்தின் அலகு வோல்ற்று. வோல்ற்றுமானியைச் சமாந்தரமாக இணைக்க வேண்டும்.
• ஓமின் விதி: வெப்பநிலை மாறாதபோது, கடத்தியினூடாகப் பாயும் மின்னோட்டம் அதன் முனைகளுக்கிடையிலான அழுத்த வித்தியாசத்திற்கு நேர்விகிதசமனாகும்.
அழுத்த வித்தியாசம் = மின்னோட்டம் × தடை

உதாரணம்
2 ஓம், 4 ஓம் தடையிகள் 6 வோல்ற்று மின்கலவடுக்குடன் இணைக்கப்படுகின்றன. (அகத்தடையைப் புறக்கணிக்க.)

(அ) தொடராக:
மொத்தத் தடை = 2 + 4 = 6 ஓம்
மின்னோட்டம் = 6 ÷ 6 = 1 அம்பியர்
இரு தடையிகளிலும் இதே 1 அம்பியரே பாயும். அழுத்த வித்தியாசமே 2 வோல்ற்று, 4 வோல்ற்று எனப் பிரியும்.

(ஆ) சமாந்தரமாக:
ஒவ்வொன்றுக்கும் 6 வோல்ற்று.
2 ஓமில்: 6 ÷ 2 = 3 அம்பியர்
4 ஓமில்: 6 ÷ 4 = 1.5 அம்பியர்
மொத்த மின்னோட்டம் = 4.5 அம்பியர்
இங்கு மின்னோட்டமே பிரிகிறது.

வீட்டு மின்சுற்று
வீட்டு உபகரணங்கள் சமாந்தரமாகவே இணைக்கப்படுகின்றன. ஆகவே ஒவ்வொன்றும் 230 வோல்ற்றைப் பெறும். ஒன்றை நிறுத்தினாலும் மற்றவை இயங்கும். ஆனால் உபகரணங்கள் கூடக்கூட மொத்த மின்னோட்டமும் கூடும். 2300 வாற்றுக் கேத்தல் 10 அம்பியரையும், 1150 வாற்று மின்னழுத்தி 5 அம்பியரையும் பெறும். 13 அம்பியர் மாத்திரம் தாங்கும் ஒரே நீட்டுவயரில் இரண்டையும் இணைத்தால் 15 அம்பியர் பாய்ந்து வயர் சூடேறும். இத்தகைய ஆபத்தைத் தடுக்கவே உருகி உயிர்க்கம்பியில் தொடராக இணைக்கப்படுகிறது. உருகி எரிந்தால் அதற்குப் பதிலாகத் தடித்த செப்புக்கம்பியை ஒருபோதும் இடாதீர்கள். அக்கம்பி உருகாது, சுவரினுள் உள்ள வயரே தீப்பற்றும்.

பயிற்சி
மேலே (அ)வில் 4 ஓம் தடையியைக் கழற்றிவிட்டால் 2 ஓமில் பாயும் மின்னோட்டம் யாது? (ஆ)வில் யாது?

விடை: (அ) 0 அம்பியர், ஏனெனில் சுற்று துண்டிக்கப்படுகிறது. (ஆ) 3 அம்பியர், மாற்றமில்லை.

விடையுடன் அலகையும் எழுத மறவாதீர்கள்.