மருந்துப் பையை முழுசாகக் காட்டுங்கள்

எங்கள் தங்கவயலில் பழைய சுரங்கத் தொழிலாளி இருக்கும் வீட்டில் கட்டாயம் ஒரு மருந்துப் பை தொங்கும். இருமல் சிரப், மூட்டுவலி மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் அதில் கிடக்கும். பாறைத் தூசி நெஞ்சில் தங்கிப்போனவர்களுக்கு, 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்கம் மூடியதும் வேலை போன வேதனையும் சேர்ந்துகொண்டது. அப்பாவின் பைக்குள் மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோப்ராம் கடைசியாக வந்தது. அவரைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டதில் நான் கற்றவை இவை.

முதலில், பையை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள். நாங்கள் மேசைமேல் கொட்டியதும் அவர் தனியே எடுத்து வைத்தது இருமல் சிரப்பை. அதில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருந்தது. அடுத்து, வலிக்கு வாங்கிய டிரமடால். இவை மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் உடம்பில் செரட்டோனின் அளவுமீறிப் போகலாம். காய்ச்சல், நடுக்கம், அதிக வியர்வை, படபடப்பு, குழப்பம் என்று தெரிந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். பாறைத் தூசியால் வரும் சிலிகோசிஸ் நோய் உள்ளவர்களைக் காசநோய் எளிதில் பிடிக்கும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரும் லைனசோலிடுக்கும் இதே ஆபத்து உண்டு. காசநோய் டாக்டருக்கு மனச்சோர்வு மாத்திரை பற்றித் தெரிந்தே ஆக வேண்டும்.

மனச்சோர்வு மாத்திரையோடு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். மலம் தார்போல் கறுத்துப் போனால் தாமதிக்காதீர்கள்.

மனச்சோர்வு மாத்திரையால் வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையலாம். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். தலைவலி, தள்ளாட்டம், பேச்சில் தடுமாற்றம் வந்தால் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

மனச்சோர்வு மாத்திரையின் பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். குமட்டலும் பதற்றமும் அதற்கு முன்பே வந்துவிடலாம். இந்த நாட்களில் ஆளைத் தனியாக விடாதீர்கள். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்பதால் இரட்டைக் கவனம் வேண்டும். தூக்கமே இல்லாமல் அளவுகடந்த உற்சாகம் தெரிந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை டப்பா வீட்டுப் பெரியவர் ஒருவர் கையில் இருக்கட்டும். சாராயம் வேண்டவே வேண்டாம்.

மனசு தெளிந்ததும் 'இனி எதுக்கு' என்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், மண்டைக்குள் ஷாக் அடிப்பதுபோன்ற உணர்வு வரலாம். குணமான பின்பும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். பிறகு படிப்படியாக டாக்டரே குறைப்பார். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் காட்டுபவர்கள், மாரிக்குப்பம் ரயில் ஏறிப் போக வேண்டியிருப்பதால், பத்து நாள் மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்த வருகையை முடிவு செய்துவிடுங்கள். ஒரு வேளை மாத்திரை தவறினால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது.

சந்தேகத்துக்கும், மனசு தாங்காத நேரத்துக்கும் டெலி மானஸ் மனநல உதவிக்கான 14416 இலவச எண். தமிழிலும் பேசலாம்.

சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் சுவருக்குச் சுவர் ஆள் இருப்பதால் மனச்சோர்வு மாத்திரையை மறைப்பவர்கள் நிறைய பேர். அக்கம்பக்கத்தில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். ஆனால் பல் டாக்டர் உட்பட மருந்து எழுதுபவர் எல்லோருக்கும், மருந்துக் கடைக்காரருக்கும் அதன் பெயரைச் சொல்லியே தீர வேண்டும்.