ஒரு லைட்டரும் 20 தீப்பெட்டியும்

டீக்கடையில் இப்போ தீக்குச்சி உரசுற சத்தம் குறைஞ்சு போச்சு, கவனிச்சீங்களா? 'டிக்'னு லைட்டர்தான்.

பரீட்சையில் உலகமயமாக்கல்னு பக்கம் பக்கமா எழுதுகிறோமே, சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி பக்கம் அது இந்தச் சத்தமாகத்தான் வந்து சேர்ந்தது. 2001-ல் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கின. சிறுதொழிலுக்கென ஒதுக்கிய பட்டியலில் கடைசிவரை இருந்த தீப்பெட்டியும் 2015-ல் வெளியே வந்தது.

சீன லைட்டர் ஒன்று 20 தீப்பெட்டியின் வேலையைச் செய்யும் என்பது உற்பத்தியாளர்கள் சொல்லும் கணக்கு. 14 வருஷம் ஒரு ரூபாய்க்கே விற்ற தீப்பெட்டி, மூலப்பொருள் விலை ஏறியதால் 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனது. அப்படின்னா 20 பெட்டி 40 ரூபாய்; லைட்டரோ 10 ரூபாய்க்கே கிடைத்தது. பெட்டிக்குள் குச்சி அடைத்துக் கூலி வாங்கும் பெண்கள் இந்தக் கணக்கோடு எப்படிப் போட்டி போடுவது?

2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. அப்புறம் பாகங்களாக வந்தது, இங்கே பொருத்தினார்கள். (நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்கு அது ஒரு வேலையே இல்லை!) 2024 அக்டோபரில் பாகங்களின் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு. ஆனா அதுக்குள்ள சட்டைப்பையில் லைட்டர் வைத்துப் பழகினவர் மறுபடி தீப்பெட்டி வாங்குவாரா? எனக்குச் சந்தேகம்தான்.